டிரம் மோட்டாரின் டிராயர்

எண்பதுகளின் நடுவில் நான் கோல சிலாங்கூருக்குப் பக்கத்தில் ஒரு தோட்டத்துச் செம்பனை எண்ணெய் ஆலையில் வயர்மேனாக இருந்தேன். என் மனைவியின் அண்ணன் அதே ஆலையில் ஃபிட்டர். ஒரே லயத்தில்தான் குடியிருந்தோம், அவர் வீட்டுக்கும் என் வீட்டுக்கும் நடுவில் நாலு வீடு. ஆனால் ஒரு வருஷத்துக்கும் மேலாக எங்களுக்குள் ஒரு வார்த்தை பேச்சில்லை.

காரணம் என் மூத்த மகளின் காதுகுத்து. தோட்டத்து மாரியம்மன் கோயிலில் வைத்திருந்தோம். தாய்மாமன் மடியில் பிள்ளையை உட்கார வைத்துத்தான் காது குத்த வேண்டும். மச்சான் அதற்காக ஒரு மாதமாகத் தயாராகிக்கொண்டிருந்தார். கோலாலம்பூருக்குப் போய்த் தோடு வாங்கி வந்திருந்தார், பிள்ளைக்குப் பட்டுப் பாவாடை எடுத்திருந்தார், சீர்த் தட்டுகளை அவர் மனைவி முந்தின நாளே அடுக்கி வைத்துவிட்டாள். அன்று காலையில் பார்த்து ஆலையில் ஒரு பேரிங் உடைந்தது. அவரை ஆள் விட்டுக் கூப்பிட்டார்கள். "ஒரு மணி நேரத்துல வந்துடுறேன், ஆரம்பிச்சிடாதீங்க" என்று சொல்லிவிட்டுச் சைக்கிளை எடுத்துக்கொண்டு போனார்.

ஒரு மணி நேரத்தில் வரவில்லை. நல்ல நேரம் முடியப் போகிறது என்று பூசாரி சொல்லிக்கொண்டே இருந்தார். காது குத்த வந்த தட்டார் டவுனில் இன்னொரு வீட்டுக்குப் போக வேண்டும் என்று பையைக் கட்ட ஆரம்பித்தார். பிள்ளை பசியில் அழுதது. கடைசியில் என் மாமனார் தன் சின்ன மகனைக் கூப்பிட்டு, "நீ உக்காருடா, நீயும் தாய்மாமன்தானே" என்று சொல்லிவிட்டார். பிள்ளை சின்ன மாமன் மடியில் உட்கார்ந்தது. காதும் குத்தியாயிற்று.

மச்சான் வந்தபோது பிள்ளை வாயில் சர்க்கரையோடு விசும்பிக்கொண்டிருந்தது. அவர் முழங்கை வரைக்கும் கிரீஸ். வேட்டி மாற்றக்கூட வீட்டுக்குப் போகவில்லை, நேராக வந்திருந்தார். சட்டைப் பையிலிருந்து தோட்டுப் பெட்டியை எடுத்துத் தங்கையின் கையில் வைத்தார். சாப்பிடாமல் போய்விட்டார்.

மறுநாள் ஆலையில் "மச்சான்" என்று கூப்பிட்டேன். அவர் கையிலிருந்த ஸ்பேனரைத் துடைத்துக்கொண்டே திரும்பி நடந்தார். அதிலிருந்து அப்படியே போய்விட்டது. "அவன் பிள்ளதானே, அவன் ஒரு வார்த்த சொல்லியிருந்தா நிறுத்தியிருப்பாங்கள்ல" என்று அவர் சொன்னதாகக் காதில் விழுந்தது. என் மனைவி போய்ப் பேசிப் பார்த்தாள். "நீ உன் புருஷனுக்காகப் பேசுற" என்று அவளை அனுப்பிவிட்டார்.

சில மாதம் கழித்து மாமனார் மாரடைப்பில் இறந்துபோனார். பாடையின் முன்பக்கம் மச்சான் ஒரு தோள், நான் ஒரு தோள். இடுகாடு வரைக்கும் பக்கத்தில் பக்கத்தில் நடந்தோம். அப்போதும் பேசவில்லை.

வேலை இடத்தில் இது பெரிய தொல்லை. ஒரு மோட்டாரைக் கழற்ற வேண்டுமென்றால் முதலில் நான் கரண்டை நிறுத்தி வயரை அவிழ்க்க வேண்டும், பிறகு அவர் நட்டைக் கழற்ற வேண்டும். நான் அவருக்கு எதிரிலேயே நின்றுகொண்டிருப்பேன். அவர் கிரீஸ் போடும் ஆளைப் பார்த்து, "அந்த வயர்மேன்கிட்ட சொல்லுலா, ஒயர அவுக்கச் சொல்லி" என்பார். அந்த ஆள் என் பக்கம் திரும்புவான். நான், "அவுத்தாச்சுன்னு சொல்லு" என்பேன். ஆரம்பத்தில் எல்லோரும் சிரித்தார்கள். பிறகு பழகிவிட்டது.

நான் சொல்ல வந்த நாள் பழம் குவிகிற மாதங்களில் வந்தது. வாசலில் இருந்து தோட்டத்துச் சாலை வரைக்கும் குலை ஏற்றிய லோரிகள் நிற்கும். காலை வேலை ஆரம்பித்துக் கொஞ்ச நேரத்தில் குலை உதிர்க்கும் டிரம் நின்றது. நீராவியில் வெந்த குலைகள் எல்லாம் அந்தப் பெரிய டிரம்மில் விழுந்து உருண்டால்தான் பழம் தனியாக உதிரும். எங்கள் ஆலையில் டிரம் ஒன்றே ஒன்று. அது நின்றால் முன்னாலும் பின்னாலும் எல்லாம் நிற்க வேண்டியதுதான்.

நான் போர்டு ரூமுக்கு ஓடினேன். கதவைத் திறந்ததுமே கருகல் வாடை முகத்தில் அடித்தது. அந்த அறையைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஆலையில் இருக்கிற எல்லா மோட்டார்களுக்கும் கரண்ட் அங்கிருந்துதான் போகும். ஆள் உயர இரும்பு அலமாரிகள் சுவர் ஓரமாக வரிசையாக நிற்கும். ஒவ்வோர் அலமாரியிலும் ஒன்றின்மேல் ஒன்றாகப் பெட்டிகள், மோட்டாருக்கு ஒன்று. பெட்டிக்குள் அந்த மோட்டாரின் சுவிட்ச், பியூஸ், மோட்டாரை ஓட்டி நிறுத்துகிற காண்டாக்டர், மோட்டார் திணறினால் அறுத்துவிடுகிற ரிலே எல்லாம் இருக்கும். மேசை டிராயரை இழுப்பதுபோல் பெட்டியை மொத்தமாக வெளியே இழுத்துவிடலாம். அதனால் அதற்கு எங்களிடம் டிராயர் என்றுதான் பெயர். டிராயரின் முதுகில் மூன்று கவ்விகள் இருக்கும். அலமாரியின் பின்பக்கம் மேலிருந்து கீழாக மூன்று செம்புப் பட்டைகள் ஓடும். டிராயரை உள்ளே தள்ளினால் கவ்விகள் பட்டைகளைக் கவ்விக்கொள்ளும், கரண்ட் வந்துவிடும். கெட்டுப்போனால் இழுத்துவிட்டு வேறொன்றைத் தள்ளி, மோட்டாருக்குப் போகும் வயரை முடுக்கினால் வேலை முடிந்தது. அதற்காகச் செய்த ஏற்பாடுதான் அது. ஆனால் தள்ளுவதற்கு வேறொன்று இருக்க வேண்டும்.

டிரம் மோட்டாரின் டிராயர் கதவில் பெயிண்ட் கொப்புளம் கொப்புளமாக எழும்பியிருந்தது. எஞ்சினியரிடம் சொல்லி அந்த வரிசை முழுவதற்கும் கரண்டை நிறுத்தினேன். எஞ்சினியர் ஈப்போ பக்கத்துச் சீனர், முப்பது வயதுக்குள்தான் இருக்கும், அமைதியானவர். எங்களோடு மலாயில் பேசுவார். மோட்டார் வயரை அவிழ்த்துவிட்டு நான் டிராயரை இழுத்துப் பார்த்தேன். அசையவில்லை. பின்னால் ஒரு கவ்வி சூட்டில் உருகிப் பட்டையோடு ஒட்டிக்கொண்டிருக்க வேண்டும். எஞ்சினியர் மச்சானைக் கூப்பிட்டனுப்பினார். மச்சான் கடப்பாறையோடு வந்தார்.

நெம்பிவிட்டு இரண்டு பேரும் ஆளுக்கொரு பக்கம் பிடித்தோம். ஒரே நேரத்தில் இழுக்க வேண்டும், அதற்கு யாராவது ஒருவர் எண்ண வேண்டும். அவரும் எண்ணவில்லை, நானும் எண்ணவில்லை. இரண்டு தடவை அவர் இழுத்தபோது நான் இழுக்கவில்லை, நான் இழுத்தபோது அவர் இழுக்கவில்லை. எஞ்சினியர் எங்கள் இருவர் முகத்தையும் பார்த்தார். பிறகு அவரே "சாத்து, டுவா, தீகா" என்று எண்ணினார். டிராயர் சத்தத்தோடு வெளியே வந்தது.

திருப்பிப் பார்த்தோம். நடுக் கவ்வியின் ஸ்பிரிங் தளர்ந்து, பட்டையைச் சரியாகப் பிடிக்காமல், கொஞ்சம் கொஞ்சமாகச் சூடேறிக் கடைசியில் உருகியிருந்தது. கவ்விகள் உட்காரும் பலகை வெடித்துவிட்டது. உள்ளே வயரெல்லாம் கரி. நல்ல காலம், செம்புப் பட்டையில் பள்ளம் சின்னதுதான், அரத்தால் ராவிச் சரி செய்துவிடலாம். டிராயர் இனி உதவாது.

எஞ்சினியர் கோலாலம்பூர் ஏஜெண்டுக்குப் போன் போட்டார். அந்த மாதிரியை இப்போது செய்வதில்லை, வெளிநாட்டிலிருந்து வரவழைக்க வாரக்கணக்கில் ஆகும் என்றார்கள். வேறு எங்கெங்கோ பேசினார். அரை மணி நேரத்தில் சிரித்த முகத்தோடு வந்தார். வடக்கே பாகான் நக்கோடா ஓமாருக்குப் போகிற வழியில், உள்ளே தள்ளி, மூடிக் கிடக்கும் ஒரு பழைய ஆலை இருக்கிறது, அங்கே இருப்பதும் இதே கம்பெனி போர்டுதான், ஒரு டிராயரை எடுத்துக்கொள்ளச் சொல்லிவிட்டார்கள் என்றார். எந்த டிராயர் பொருந்தும் என்று பார்க்க நான் போக வேண்டும். கழற்றித் தூக்க ஃபிட்டர் வேண்டும். அதோடு மச்சான் கல்யாணத்துக்கு முன்னால் அந்த ஆலையில்தான் வேலை செய்தவர். எஞ்சினியருக்கு எங்கள் விஷயம் நன்றாகத் தெரியும். தெரிந்தும் வேறு வழியில்லை. "ரெண்டு பேரும் போங்க" என்று சொல்லிவிட்டு எங்களைப் பார்க்காமல் உள்ளே போய்விட்டார்.

லோரி ஓட்டியவர் ஒரு மலாய்க்காரர். வயதானவர் என்பதால் ஆலையில் எல்லோருக்கும் அவர் பாக்சிக், மலாயில் மாமா என்பதுபோல். தோட்டத்திலேயே பிறந்து வளர்ந்தவர், தமிழ் எங்களைப்போலவே பேசுவார். நான் அளவு நாடாவை எடுத்துக்கொண்டு ஏறப் போனேன். மச்சான் பாக்சிக்கிடம், "அந்த எரிஞ்சதையும் லோரியில ஏத்தணும். ரெண்டையும் பக்கத்துல வச்சுப் பாத்தாத்தான் தெரியும்" என்றார். அது எனக்குத் தோன்றவில்லை. நல்ல யோசனை என்று சொல்ல நினைத்தேன். சொல்ல முடியாதே, அதனால் போய் ஒரு பக்கம் பிடித்தேன்.

முன்னால் மூன்று பேர்தான் உட்காரலாம். பாக்சிக் ஓட்டினார், நான் நடுவில், மச்சான் ஜன்னல் ஓரம். தஞ்சோங் காராங் தாண்டியதும் இரண்டு பக்கமும் வயல். தோளோடு தோள் இடித்துக்கொண்டு போனோம். ஒரு வளைவில் அவர் முழங்கை என் விலாவில் குத்தியது. அவர் கையை மடக்கிக்கொண்டார்.

"பாக்சிக், அங்க போர்டு ரூம் சாவி யார்கிட்ட இருக்குன்னு கேளுங்க" என்றேன்.

"யார்கிட்டலா கேக்கறது?"

"இவருகிட்டதான்."

பாக்சிக் ரோட்டைப் பார்த்தபடியே, "டேய் ஃபிட்டர், சாவி யார்கிட்ட?" என்றார்.

"ஜாகாகிட்ட இருக்கும்னு சொல்லுங்க."

"ஜாகாகிட்ட இருக்குமாம்" என்று பாக்சிக் என்னிடம் சொன்னார். கொஞ்ச தூரம் போனதும் பெருமூச்சு விட்டார். "என் காது ரெண்டும் நல்லாத்தான் கேக்குது. உங்க ரெண்டு பேருக்கும்தான் ஏதோ கோளாறு. சிகிஞ்சான் வரைக்கும்தான் நான் சொல்லுவேன், அப்புறம் என்னால ஆவாது."

சிகிஞ்சானுக்குப் பிறகு யாரும் பேசவில்லை.

அந்த ஆலை சின்னது. கூரைத் தகரம் பல இடத்தில் பறந்துபோயிருந்தது, புல் இடுப்பு உயரம். வாசலுக்கு உள்ளே ஜாகாவின் வீடு. ஜாகா என்றால் காவல்காரர். அவர் தமிழர், கைலியும் பனியனுமாக வந்தார். மச்சானை அடையாளம் தெரிந்துகொண்டு கையைப் பிடித்துக்கொண்டார். அவர் மனைவி வாசலில் ஒரு பழைய ஐஸ்பெட்டி வைத்து, தோட்டத்துப் பிள்ளைகளுக்குச் சாய ஐஸ் விற்றுக்கொண்டிருந்தாள்.

போர்டு ரூமைத் திறந்துவிட்டார். உள்ளே ஒரே குளவிக் கூடு. அதே அலமாரிகள், அதே சாம்பல் நிறம், அதே கைப்பிடி. பார்த்ததும் எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

"கரண்ட் இருக்குங்களா?" என்று ஜாகாவிடம் கேட்டேன்.

"எல்லாம் எப்பவோ வெட்டியாச்சு தம்பி. மில்ல மூடும்போதே ஆபீஸ்ல சொல்லிட்டாங்க."

இருந்தாலும் டெஸ்ட்பென் வைத்துப் பார்க்காமல் தொடக்கூடாது. என் பை லோரியில் இருந்தது. எடுக்கப் போனேன். மச்சான் டிரம் மோட்டார் என்று எழுதியிருந்த கதவைத் திறந்து டிராயரை ஆட்டிப் பார்ப்பது தெரிந்தது. பையை எடுத்துக்கொண்டு திரும்பும்போது ஜாகாவின் வீட்டு ஜன்னல் வழியாக உள்ளே பார்த்தேன். மேசை விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. ஐஸ்பெட்டியும் ஓடிக்கொண்டுதான் இருந்தது. ஆலைக்கே வெட்டிவிட்டார்கள் என்றால் இதற்குக் கரண்ட் எங்கிருந்து வருகிறது என்று பார்த்தேன். வீட்டுக் கூரையிலிருந்து ஒரு வயர் புறப்பட்டு, ஒரு கம்பத்தில் ஏறி, நேராகப் போர்டு ரூம் சுவருக்குள் போனது.

ஓடினேன். டிராயர் இறுகியிருந்ததால் மச்சான் பக்கத்தில் டிராயர் இல்லாமல் காலியாக இருந்த தட்டைத் திறந்து வைத்திருந்தார். உள்ளே பின்பக்கம், இறுகிய டிராயரின் முதுகு வரைக்கும், குளவி மண்ணால் கட்டி வைத்திருந்தது. அதைச் சுரண்டுவதற்காக ஒரு நீள ஸ்குரூடிரைவரைப் பிடித்துத் தோள் வரைக்கும் கையை உள்ளே விட்டிருந்தார்.

"மச்சான்! தொடாதீங்க! கைய எடுங்க!"

அவர் அப்படியே நின்றார். பிறகு மெதுவாக, எதிலும் படாமல், கையை வெளியே எடுத்தார். என் குரல் அவ்வளவு சத்தமாக வந்ததில் பாக்சிக் வாசலுக்கு ஓடி வந்துவிட்டார்.

நான் டெஸ்ட்பென்னை அந்தக் காலித் தட்டுக்குள் விட்டுச் செம்புப் பட்டையில் வைத்தேன். விளக்கு எரிந்தது. அடுத்த பட்டையில் வைத்தேன். அதிலும் எரிந்தது. மூன்றாவதிலும் எரிந்தது. மண் கூடு கட்டியிருந்தது அந்த மூன்று பட்டைகளின் மேல்தான். இன்னும் ஒரு சாண் போயிருந்தால் அவர் ஸ்குரூடிரைவர் அதில் பட்டிருக்கும்.

மச்சான் விளக்கையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தரையில் உட்கார்ந்துவிட்டார். அவர் முகத்தில் வியர்வை துளித் துளியாக நின்றது. நான் டெஸ்ட்பென்னைப் பைக்குள் போட்டேன்.

"மாப்ள" என்றார். "தண்ணி இருக்கா?"

லோரியிலிருந்து பாட்டிலை எடுத்து வந்து கொடுத்தேன். குடித்துவிட்டு மீதியைத் தலையில் ஊற்றிக்கொண்டார். ஜாகா கையைப் பிசைந்துகொண்டு நின்றார். "நம்ம வீட்டு லைன் இது வழியாத்தான் வருதுன்னு எனக்குத் தெரியாதுங்க. யாரும் சொல்லலீங்க."

"உங்களுக்கு எப்பிடித் தெரியும், விடுங்க" என்றார் மச்சான். "நான் பத்து வருஷம் வேலை செஞ்ச எடம். எனக்கே தெரியல."

மெயின் சுவிட்சைக் கண்டுபிடித்து நிறுத்தினேன். பூட்டுப் போட்டுச் சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். மறுபடியும் மூன்று பட்டைகளிலும் வைத்துப் பார்த்தேன். விளக்கு எரியவில்லை. அதற்குள் ஜாகாவின் மனைவி வாசலிலிருந்து, "சீக்கிரம் போட்டு விட்ருங்கப்பா, ஐஸ் எல்லாம் உருகிடும்!" என்று சத்தம் போட்டாள்.

குளவி மண்ணைச் சுரண்டிவிட்டு, டிரம் என்று எழுதியிருந்த டிராயரை இழுத்து வெளியே போட்டோம். எரிந்த டிராயரையும் லோரியிலிருந்து இறக்கிப் பக்கத்தில் வைத்தோம். முன்னாலிருந்து பார்த்தால் இரட்டைப் பிள்ளைகள். உயரம், அகலம், கைப்பிடி, கதவின் பூட்டு எல்லாம் ஒன்று. இரண்டையும் கவிழ்த்து முதுகைப் பார்த்தேன். எங்களுடையதில் மூன்று கவ்விகளும் படிக்கட்டு மாதிரி ஒன்றுக்கொன்று இறங்கியிருந்தன. இதில் மூன்றும் ஒரே வரிசையில் இருந்தன. இது அதே கம்பெனியின் அதற்கு முந்திய மாதிரி. உள்ளே தள்ளலாம், போகும், ஆனால் எங்கள் அலமாரியில் கவ்வ வேண்டிய இடத்தில் கவ்வாது. நாடாவால் மட்டும் அளந்து உயர அகலத்தைப் பார்த்து எடுத்துப் போயிருந்தால் இதைத்தான் எடுத்துப் போயிருப்பேன்.

"இது ஆவாது மச்சான்."

"அந்தக் கோடியில இருக்கற அலமாரி மட்டும் பின்னால வந்தது" என்றார் அவர். "கொட்ட ஒடைக்கற மெஷின் புதுசா போட்டப்ப கொண்டாந்து ஒட்ட வச்சாங்க. அத இழுத்துப் பாப்போம்."

அந்த அலமாரியிலிருந்து கொட்டை உடைக்கும் மெஷினின் டிராயரை இழுத்தோம். கவிழ்த்தோம். கவ்விகள் படிக்கட்டு மாதிரி இருந்தன. இரண்டின் மேலும் நாடாவைப் பிடித்து ஒவ்வொரு கவ்விக்கும் நடுவில் உள்ள தூரத்தைப் பார்த்தேன், சரியாக இருந்தது. சறுக்கி நுழையும் தண்டவாளத்தை மச்சான் விரலால் தடவிப் பார்த்தார், அதுவும் சரி. உள்ளே பார்த்தேன். அந்த மெஷினின் மோட்டார் சின்னது, அதனால் காண்டாக்டரும் வயரும் சின்னவை. டிரம் மோட்டாரை அது தாங்காது.

"ஒடம்பு சரியா இருக்கு. உள்ள இருக்கறதுதான் சின்னது" என்றேன்.

"மாத்த முடியுமா?"

"முடியும். உள்ள இருக்கற சுவிட்சு தாங்கும். நம்ம ஸ்டோர்ல பெரிய காண்டாக்டர் ஒண்ணு கெடக்கு, ரிலேயும் இருக்கு. ஒயரு நான் புதுசா இழுத்துடுவேன்."

"அப்ப தூக்கு."

அவர் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். "ஒண்ணு, ரெண்டு, ம்" என்று அவரே எண்ணினார். திறந்து கிடந்த கதவுகளைச் சாத்தி, பூட்டை எடுத்து, மெயினைப் போட்டுவிட்டேன். "கரண்ட் இருக்கு, உள்ள போகாதீங்க" என்று கதவில் சாக்குக்கட்டியால் எழுதி, ஜாகாவிடம் நேரிலும் சொன்னேன். அவர் மனைவி எங்கள் மூன்று பேருக்கும் ஆளுக்கொரு சிவப்பு ஐஸ் கொடுத்தாள். பாதி உருகித்தான் இருந்தது. வளர்ந்த மூன்று ஆம்பிளைகள் லோரியில் உட்கார்ந்து ஐஸ் உறிஞ்சிக்கொண்டு போனதைத் தோட்டத்துப் பிள்ளைகள் நின்று பார்த்தன.

சுங்கை பெசாரில் பாக்சிக் தொழுகைக்குப் போக வேண்டும் என்று சூராவ் என்கிற சின்னத் தொழுகைக்கூடத்தின் பக்கத்தில் லோரியை நிறுத்தினார். நாங்கள் எதிரில் இருந்த கடையில் கோப்பி சொன்னோம். மச்சான் கோப்பியைக் கலக்கிக்கொண்டே இருந்தார்.

"அன்னிக்கு நான் கைகூடக் கழுவாமதான் ஓடி வந்தேன் மாப்ள."

"தெரியும் மச்சான்."

"தெரிஞ்சும் ஏன் நிறுத்தல?"

"நிறுத்தச் சொன்னேன். அண்ணன் வரட்டும்னு உங்க தங்கச்சியும் சொல்லிச்சு. நான் ரெண்டு தடவ சொன்னேன்."

அவர் கலக்குவதை நிறுத்தினார். "யாரு கேக்கல?"

கடைக்காரர் ரொட்டியைக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போகும் வரைக்கும் மச்சான் காத்திருந்தார்.

"அப்பாவா?"

தலையை ஆட்டினேன்.

"இத ஏன் இத்தன நாளா சொல்லல?"

"முதல்ல நீங்க என்கூட பேசல. அப்புறம் அவரு போய்ட்டாரு. போனவரு மேல எப்பிடி மச்சான் சொல்றது? காரியம் கூட முடியல, அதுக்குள்ள உங்கப்பாதான் காரணம்னு வந்து நிக்கச் சொல்றீங்களா?"

அவர் ரோட்டைப் பார்த்தார். கண் கலங்கியதா என்று எனக்குத் தெரியாது, நான் பார்க்கவில்லை. பிறகு மூக்கை உறிஞ்சிவிட்டுச் சிரித்தார்.

"அவரு அப்பிடித்தான். பஸ்ஸு எட்டு மணிக்குன்னா ஏழு மணிக்கே ரோட்டுல நிக்கணும். எங்கம்மா அவருக்குப் பயந்து சோறு வேகறதுக்குள்ள எறக்கிடும். என் கல்யாணத்துலயே தாலி எடுத்துக் குடுக்கறதுக்குள்ள கட்டுடா கட்டுடான்னு சத்தம் போட்டாரு." அவர் ரொட்டியைப் பிய்த்தார். "இன்னிக்கு நீ சத்தம் போட்ட பாரு, அதே மாதிரி இருந்துச்சு."

பாக்சிக் திரும்பி வந்தபோது நாங்கள் எதைப் பற்றியோ பேசிக்கொண்டிருந்தோம். அவர் நாற்காலியை இழுத்து உட்கார்ந்து இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "காது கேக்க ஆரம்பிச்சிருச்சா?" என்று கேட்டுவிட்டுத் தனக்கும் ஒரு கோப்பி சொன்னார்.

ஆலைக்கு வந்ததும் வேலையைப் பிரித்துக்கொண்டோம். நான் டிராயரைப் பட்டறை மேசையில் வைத்துப் பழைய காண்டாக்டரைக் கழற்றி, ஸ்டோரிலிருந்த பெரியதைப் பொருத்தி, தடித்த வயராக இழுத்தேன். மோட்டாரின் தகட்டில் இருந்த அளவைப் பார்த்து ரிலேயைத் திருப்பி வைத்தேன். மச்சான் அலமாரிக்குள் தலையை விட்டுச் செம்புப் பட்டையின் பள்ளத்தை அரத்தால் ராவி வழவழப்பாக்கினார். பிறகு என்னிடம் வந்து டிராயரின் கவ்விகளில் ஒவ்வொன்றாக ஒரு செம்புத் துண்டைச் செருகி இழுத்துப் பார்த்தார். மூன்றும் ஒரே மாதிரி இறுக்கமாகப் பிடிக்க வேண்டும். ஒன்று கொஞ்சம் லேசாக இருந்தது. எரிந்த டிராயரில் தப்பியிருந்த கவ்வியின் ஸ்பிரிங்கைப் பார்த்தார், இதுவும் சூட்டில் வெந்தது, வேண்டாம் என்றார். ஸ்டோரில் தேடிப் புது ஸ்பிரிங்காகவே மூன்றையும் மாற்றினார்.

தள்ளும்போது கடைசியில் ஒரு விரல் அளவு போகவில்லை. காலையில் கடப்பாறை போட்டு நெம்பியதில் அலமாரியின் தண்டவாளம் வளைந்திருந்தது. அவர் திட்டிக்கொண்டே அதைத் தட்டி நிமிர்த்தினார். மறுபடியும் தள்ளினோம். டக்கென்று உட்கார்ந்தது. மோட்டார் வயரை முடுக்கினேன். எஞ்சினியர் கையைக் கட்டிக்கொண்டு பின்னாலேயே நின்றார். நாங்கள் பேசிக்கொள்வதைக் கவனித்திருப்பார்.

கரண்டைப் போட்டு, பட்டனை ஒரு விநாடி மட்டும் அழுத்தி விட்டேன். மச்சான் டிரம்முக்குப் பக்கத்தில் நின்று எந்தப் பக்கம் சுற்றுகிறது என்று பார்த்தார். கையைத் தூக்கி, சரி என்று ஆட்டினார். ஓட விட்டேன். அந்தி சாய்வதற்குள் குலைகள் விழ ஆரம்பித்தன. நான் திரும்பத் திரும்பப் போய் அந்த டிராயர் கதவில் புறங்கையை வைத்துப் பார்த்தேன். சூடு இல்லை.

ஏஜெண்டிடமிருந்து புது டிராயர் பல வாரம் கழித்து வந்தது. ஓடுவதை ஏன் தொட வேண்டும் என்று அதை ஸ்டோரில் வைத்துவிட்டோம்.

அதன் பிறகு எஞ்சினியர் எங்கள் இருவருக்கும் ஒரு வேலை கொடுத்தார். ஆலை ஓடாத ஞாயிறுகளில் போர்டை முழுவதும் நிறுத்திவிட்டு, டிராயர் ஒவ்வொன்றையும் வெளியே இழுத்து, முதுகில் கவ்வி எந்த மாதிரி, உள்ளே காண்டாக்டர் எந்த அளவு, எது எதற்குப் பதிலாகப் போகும் என்று பார்த்து, கதவின் உட்பக்கம் பெயிண்டால் எழுத வேண்டும். நான் சொல்லச் சொல்ல மச்சான் எழுதினார், அவர் கையெழுத்து நன்றாக இருக்கும். கவ்வி தளர்ந்தவை இன்னும் சில அகப்பட்டன. இரண்டு கன்வேயர் மோட்டார்களின் பெயர்கள் கதவில் மாறி இருந்ததும் அப்போதுதான் தெரிந்தது. யாரும் கவனிக்காமல் எத்தனை வருஷம் ஓடியதோ.

அந்த ஞாயிறுகளில் என் மனைவி இரண்டு பேருக்கும் சேர்த்துச் சோறு கட்டிக் கொடுப்பாள். போர்டு ரூம் வாசலில் உட்கார்ந்து சாப்பிடுவோம். ஒரு நாள் மச்சான் நெத்திலி சம்பலை வாயில் வைத்துவிட்டு முகத்தைச் சுளித்தார்.

"உப்பு கம்மி மாப்ள."

"உங்க தங்கச்சிகிட்ட நீங்களே சொல்லுங்க."

"நீ சொல்லு. நான் சொன்னா இனிமே சோறே குடுத்து விடாது" என்று சொல்லிவிட்டு, எழுந்து போய்ப் பெயிண்ட் காய்ந்துவிட்டதா என்று விரலால் தொட்டுப் பார்த்தார்.